பாக்கெட்டில் சிரித்த வள்ளியக்கா

உளுந்தூர்பேட்டையில் இறங்க வேண்டியவள் அசந்து தூங்கிவிட்டேன். நடத்துநர் தட்டி எழுப்பியபோது பேருந்து ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது. "உளுந்தூர்பேட்ட, உளுந்தூர்பேட்டன்னு தொண்டத் தண்ணி வத்த கத்திக்கினு இருக்கேன், நீங்க பாட்டுக்குத் தூங்குறீங்க" என்று கோபித்துக்கொண்டே என்னையும் பெட்டியையும் ஒரு சாலையோர உணவகத்தின் முன்னால் இறக்கிவிட்டார். மலேசியாவில் எங்கள் கிள்ளானில் ரயிலில் தூங்கிப்போனால் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் நடைமேடையில் ஏறித் திரும்பிவிடலாம். இங்கே எதிர்ப்பக்கம் போவதற்கு லாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். பசி வேறு. முதலில் சாப்பிடுவோம் என்று உள்ளே போனேன்.

பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னாவை ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குத் தம்பி முறை. நாசூக்காக வளர்ந்த தம்பி. பக்கத்து மேசையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள் கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அதில் ஒரு பெண் குரல் கட்டில் மெத்தை விற்றது. அடுத்த விளம்பரத்தில் அதே குரல் மாட்டுத் தீவனம் விற்றது. "இந்தப் பொம்பளைக்கு இன்னா, எல்லாக் கடையிலயும் வேலையா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர், "அது மெஷினுப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் கடல் தாண்டி வந்த காரியமும் அதுதான்.

கிள்ளானில் இந்திய மளிகைச் சாமான்களை இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு கணினியும்தான். கல்வராயன் மலையில் விளையும் சாமையைக் கள்ளக்குறிச்சியில் உமி நீக்கி, சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு எங்களுக்கு அனுப்புகிறவர் தேன்மொழி. சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் சாமைக்கு நல்ல கிராக்கி. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. பாக்கெட்டின் மேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பெரிய கொண்டை, அதில் செம்பருத்தி, கையில் கதிர். பக்கத்தில் 'எங்கள் மலையில் நானே விளைவித்தது, உங்கள் வள்ளியக்கா' என்று அச்சடித்திருக்கும்.

அந்த வள்ளியக்கா எந்த மலையிலும் இல்லை. தேன்மொழி கைப்பேசியில் சொல்லச் சொல்லச் செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்த முகம் அது. பிறகு அதற்கு ஒரு குரலும் வந்தது. சின்னச் சின்னக் காணொளிகளில் சாமைப் பொங்கல் செய்வது எப்படி என்று வள்ளியக்கா விளக்க ஆரம்பித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். சம்பளம் கேட்காத, உடம்பு சரியில்லை என்று லீவு போடாத நடிகை வேறு யார் கிடைப்பார்கள்?

இப்போது நிலைமை மாறிவிட்டது. இயந்திரம் வரைந்த முகத்தை நிஜ மனிதர் போலக் காட்டி விற்கக் கூடாது, காட்டினால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நாட்டுக்கு நாடு விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் சாமையை வாங்கும் பேரங்காடி ஒருபடி மேலே போய், 'நானே விளைவித்தது' என்று சொல்கிற முகம் நிஜமாக இருந்தால் மட்டுமே எடுப்போம் என்று சொல்லிவிட்டது. பொங்கல் விற்பனைக்கு முன்னால் புதுப் படம் வர வேண்டும். வராவிட்டால் எங்கள் அலமாரி இன்னொருவருக்குப் போய்விடும். இந்த ஆர்டரை நம்பித்தான் தேன்மொழி புது இயந்திரமே வாங்கியிருந்தார். ஆர்டர் போனால் ஆலையும் போகும். தொலைபேசியில் பேசிப் பேசி எங்கள் முதலாளிக்கு அலுத்துப்போய், "நீயே போய் ஒரு நல்ல முகமா பார்த்து எடுத்துட்டு வா லா" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

ஒருவழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். தேன்மொழி பேருந்து நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். முப்பது வயது தாண்டியவர், கண்ணாடி போட்டவர், நல்ல கருப்பு. சாமையைப் பற்றிக் கேட்டால் மூச்சுவிடாமல் பேசுவார். தன்னைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கிள்ளானில் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் ஏறினால் என் மகள் என்னோடு பேசமாட்டாள்.

மறுநாள் காலை தேன்மொழி டவுனில் ஒரு மளிகைக் கடைக்கு அழைத்துப் போனார். போன மாதம் விதிக்குப் பயந்து, 'இப்படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது' என்று சின்னதாக ஒரு ஸ்டிக்கர் அடித்து எல்லாப் பாக்கெட்டிலும் ஒட்டியிருக்கிறார். கடைக்காரர் அந்தப் பாக்கெட்டுகளை ஓர் ஓரமாக அடுக்கி, மேலே ஊறுகாய் டப்பாக்களை வைத்திருந்தார்.

"எட்த்துக்கினு போயிடும்மா தேனு" என்றார். "ஒரு மாசமா ஒண்ணும் நகரல. மூஞ்சே பொய்யின்னு நீயே ஒட்டி வச்சிட்டே. அப்ப உள்ள இருக்கறது மட்டும் நெஜமான்னு கேக்குறாங்க. பிளாஸ்டிக் அரிசி, பிளாஸ்டிக் முட்டன்னு ஏற்கெனவே பயந்துகினு இருக்குது ஜனம்."

"சட்டம் அப்பிடிங்கண்ணா" என்றார் தேன்மொழி.

"சட்டம் செரி. வியாபாரம் கம்மியாச்சே, அதுக்கு இன்னா பண்றது?"

விளம்பரத் துறையில் இத்தனை வருடம் இருந்தும், உண்மையைச் சொன்னதால் விற்பனை படுத்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கடலை மிட்டாய் இரண்டு கொடுத்தார். அது நிஜமான கடலை மிட்டாய், வெல்லம் கூடச் சரியான பதம்.

அன்றே மலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் போகும் சாலையில் எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். ஆலைக்குப் போகிற கரும்பு, வண்டியை விட அகலமாக, சாலையை அடைத்துக்கொண்டு அசைந்து அசைந்து போனது. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் டிராக்டர் ஒரு வேகத்தடையில் ஏறி நின்றேவிட்டது. உடனே எங்கள் பேருந்திலிருந்து பாதிப் பேர் இறங்கிப் போய் ஆளுக்கொரு கரும்பு உருவிக்கொண்டு வந்தார்கள். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. கிள்ளானில் கரும்பைச் சாறாகப் பிழிந்து, ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழலோடு குடிப்போம். பல்லால் உரித்துத் தின்று எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே ஒரு பல்லை ஆட்டிவிட்டேன்.

மலையடிவாரத்து அணையைத் தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முனகியது. கார்த்திகைக் குளிர் சன்னல் வழியாக வந்தது. வெள்ளிமலையில் இறங்கி, ஒரு ஜீப்பில் இரண்டு ஆடுகளோடும் ஒரு சிமெண்டு மூட்டையோடும் உட்கார்ந்து, தேன்மொழிக்குச் சாமை கொடுக்கும் சிற்றூருக்குப் போனோம். ஆடுகளில் ஒன்று வழி நெடுக என் துப்பட்டாவைச் சுவைத்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை, எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

களத்தில் அறுவடை வேலை நடந்துகொண்டிருந்தது. அடித்த சாமையை முறத்தில் அள்ளிக் காற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள் பெண்கள். அவர்களில் மூத்தவர் சின்னப்பொண்ணு. ஐம்பது வயதிருக்கும், ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு. அவருக்கு அடுத்தபடி ராமாயி, எதற்கெடுத்தாலும் சிரிப்பவர் என்று தேன்மொழி சொல்லியிருந்தார். அன்று ஏனோ சிரிக்கவில்லை. வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு என்று இலை போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். சாமையில் உப்புமா, சாமையில் கேக், சாமையில் சுஷி என்று கிள்ளானில் நான் அச்சடித்துக் கொடுத்த சமையல் குறிப்புகளை நினைத்துக்கொண்டேன். மொச்சைக் குழம்பை எவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது. மூன்றாவது முறை சோறு வாங்கியபோது ராமாயி கொஞ்சம் சிரித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் காரியத்தை எடுத்தேன். பாக்கெட்டைக் காட்டி, "இந்தப் படத்தை மாத்தப் போறோம். உங்கள்ல யாராவது ஒருத்தர் படம் போடணும்" என்றேன்.

சின்னப்பொண்ணு பாக்கெட்டை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இவள எடுத்துட்டீங்களா? நல்லதாப் போச்சி" என்றார். "இவ எந்த ஊருக்காரின்னு ரெண்டு வருசமா விசாரிச்சிக்கினு இருக்கோம். கெழக்கால ஊருல இப்பிடி ஒருத்தி இருக்கான்னு சொன்னாங்க. எங்க சாமைய தான் வெளச்சதுன்னு போன்ல வேற பேசிக்கினு இருக்கா."

நானும் தேன்மொழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். தேன்மொழிக்குப் போகிற சாமையை வீட்டு வாரியாகப் பிரித்து வைப்பதில்லை. எல்லா வீட்டு விளைச்சலும் களத்தில் ஒரே குவியலாகக் கொட்டப்படும். மூட்டை போட்ட பிறகு இது உன்னுடையது, அது என்னுடையது என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில், எங்கிருந்தோ ஒருத்தி கொண்டை வைத்துக்கொண்டு 'நானே விளைவித்தது' என்று சொன்னால் எப்படி இருக்கும்? தேன்மொழி அவளுக்குத்தான் எல்லா மரியாதையும் செய்கிறார், நாம் வெறுமனே மூட்டை தூக்குகிறோம் என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். வாய்விட்டுக் கேட்கவில்லை. வேறு வழியில் கோபத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"நல்ல சாமைய நாங்க வச்சிக்கிட்டு, கல்லும் தூசியுமா இருக்கறதத்தான் உனக்குக் குடுத்தோம்" என்றார் ராமாயி, ஒளிவுமறைவில்லாமல்.

"அதானா? மெஷினு கெட்டுப்போச்சின்னு மூணு தடவ மெக்கானிக்க கூப்ட்டேன்" என்றார் தேன்மொழி.

பிறகு உண்மையைச் சொன்னார். வள்ளி என்று யாரும் இல்லை, தான் சொல்லக் கைப்பேசி வரைந்த பொம்மை அவள், குரலும் அப்படித்தான் என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. தேன்மொழி அங்கேயே கைப்பேசியில் வள்ளியக்காவுக்கு மீசை வைத்துக் காட்டினார். ராமாயிக்குச் சிரிப்பு பீறிட்டது. அது ஒவ்வொருவராகத் தொற்றி, முறங்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இல்லாத ஒருத்தியோடு இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொழுது அதுதான்.

சின்னப்பொண்ணுதான் முதலில் நிறுத்தினார். "செரி, இல்லாதவளுக்கு இவ்ளோ அலங்காரம் பண்ணி நிறுத்தினியே. எங்கள ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். தேன்மொழி தலை குனிந்தார்.

நான் குறுக்கே புகுந்து, "இப்ப கேக்கத்தானே வந்திருக்கோம். நீங்களே நில்லுங்களேன்" என்றேன்.

"நான் நின்னா மத்த வூட்டு சாமையும் என்னுதுன்னு ஆயிடும். வேணாம்."

"அப்ப எல்லாரும் சேர்ந்து நில்லுங்க."

"பாதிப் பேரு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிக்கிறாங்க. வந்து, எங்கள ஏன் வுட்டீங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" சின்னப்பொண்ணு தேன்மொழியின் பக்கம் திரும்பினார். "நாங்க கீழ வந்து விக்கிறதில்ல. விக்கிறவ நீ. உன் மூஞ்சியப் போடு. வெளஞ்சது எங்க ஊருன்னு ஊரு பேரப் போடு. மலேசியாவுக்கு மட்டும் இல்ல, நம்ம சந்தைக்கும் அதே பாக்கெட்டுதான் வரணும். அப்பிடின்னா இந்தத் தடவ நல்ல சாமை குடுப்போம்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. நிஜ முகம், நிஜப் பெண், கூப்பிட்டால் வந்து பேசக் கூடியவர். பேரங்காடிக்கு இதைவிட என்ன வேண்டும்? சந்தோஷமாகத் தேன்மொழியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பாக்கலாங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பேருந்துக்காக வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். சுக்குக் காபி சுடச்சுட வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்காது. "உங்க முகத்துக்கு என்ன குறைச்சல்? ஏன் வேணாங்கிறீங்க?" என்றேன்.

அவர் டம்ளரைக் கையால் உருட்டிக்கொண்டே பேசினார். "அக்கா, எங்க வூடு காலனியில. எங்க அம்மா இன்னும் கூலிக்கு நடவுக்குப் போவுது. ஆலை மெயின் ரோட்டுல இருக்குது, பாக்கெட்டுல அந்த அட்ரஸ்தான். கடைக்காரங்களுக்குத் தெரியும், அவங்களுக்கு வியாபாரம் முக்கியம். சந்தையில வாங்குறவங்களுக்குத் தெரியாது. சந்தைக்கு என் சித்தி பொண்ணு வெளியூருலேந்து வந்து விக்கும், வள்ளியக்கா வீடியோ பக்கத்துல ஓடும். என் மூஞ்சியப் போட்டா, மொதல்ல எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்பறம் எந்தத் தெருன்னு கேப்பாங்க. சோத்துப் பொருளுக்கா. தெரிஞ்சா எத்தினி பேரு வாங்குவாங்கன்னு எனக்கே தெரியாது."

"இன்னுமா?" என்றேன்.

"காலனின்னு எழுத வேணாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சி. காயிதத்துல எடுத்துடலாம். சந்தையில கேக்குறவங்க வாயிலேந்து யாரு எடுக்குறது?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வள்ளிக்குத் தெரு கெடையாது. அதுக்காகத்தான் அவள வரஞ்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பொய் முகம் கூடாது என்று விதி போடுகிறவர்கள் நல்லதைத்தான் நினைத்திருக்கிறார்கள். நானும் அதை ஒப்புக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அந்தப் பொய்க்குப் பின்னால் ஒருத்தி நிம்மதியாக வியாபாரம் செய்துகொண்டிருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் நாட்டில் இதெல்லாம் செத்துப்போய்விட்டது என்று அவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்ல முடியவில்லை. கிள்ளானிலும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேச உட்கார்ந்தால் அது மெதுவாக எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரும். இன்னொரு சுக்குக் காபி வாங்கி அவர் கையில் கொடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

காலையில் விடுதி வரவேற்பறையில் தேன்மொழி காத்திருந்தார். மடிப்புக் கலையாத நீலப் புடவை, தலையில் மல்லிகை. "வாங்கக்கா, போட்டோ எடுத்துடலாம்" என்றார்.

நான் வியப்போடு பார்த்தேன். "அம்மாகிட்ட சொன்னேன்" என்றார். "எங்கம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'இந்த ஊரு திங்கிற நெல்லு நான் நட்டது, நான் அறுத்தது. அப்ப எவளும் தெரு கேக்கல. இப்ப கேட்டா சொல்லேன்' அப்பிடின்னுச்சி. சொல்லிட்டு அது பாட்டுக்கு வேலைக்குப் போயிடுச்சி."

டவுனில் ஃபிளெக்ஸ் அடிக்கும் ஒரு கடைக்குப் போனோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யார் முகம் பெரிதாக வர வேண்டுமென்றாலும் இந்தக் கடைக்காரரிடம்தான் வருவார்களாம். கடைக்காரர் உற்சாகமான மனிதர். தேன்மொழியை ஆலை வாசலில் நிறுத்தி, பின்னால் சாமை மூட்டைகள் தெரியும்படி எடுத்தார். அரை மணி நேரத்தில் படம் தயார் என்று அனுப்பினார். நான் அதைப் பார்க்கக் கூட இல்லை. பசி அவசரத்தில் அப்படியே கிள்ளானுக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் களியும் கருவாட்டுக் குழம்பும் கிடைக்கிற மெஸ்ஸைத் தேடித் தேன்மொழியோடு போய்விட்டேன்.

களியை உருட்டிக் குழம்பில் முக்கும்போது அலுவலகத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெய் லிங் அழைத்தாள். அவள் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்: "கமலா, உன்னை நிஜ ஆளைத் தேடித்தானே அனுப்பினோம்? இது மறுபடியும் இயந்திரம் செய்த முகம். பேரங்காடிக்காரர்கள் பார்த்ததுமே திருப்பிவிட்டார்கள்."

படத்தைத் திறந்து பார்த்தேன். தேன்மொழிதான், ஆனால் பால் கோவா நிறத்தில் இருந்தார். கன்னத்தில் ஒரு பள்ளம், புள்ளி எதுவும் இல்லை. மூக்கு கூடக் கொஞ்சம் மெலிந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு ஓடினோம்.

"எல்லாருக்கும் பண்றதுதாங்க" என்றார் கடைக்காரர், மனம் புண்பட்டவராக. "போட்டோவ ஆப்புல போட்டா அதுவே செவப்பாக்கிடும். செத்தவங்க படத்துக்குக் கூட பண்ணித்தான் குடுக்குறேன். பண்ணலன்னாதான் சண்டைக்கு வருவாங்க. உனக்கு ஜாஸ்தியாவே பண்ணேன் தங்கச்சி, வெளிநாடு போவுதேன்னு."

தேன்மொழி திரையில் இருந்த வெளுத்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் கலரு எனக்குப் போதும்ணா. எட்த்தத எட்த்த மாதிரி குடுங்க" என்றார்.

எடுத்தது எடுத்தபடி கிள்ளானுக்குப் போனது. பேரங்காடிக்காரர்கள் தேன்மொழியைக் காணொளி அழைப்பில் நேரில் பார்த்துப் பேசி, சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் தப்பியது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் பிராயச்சித்தம் போல அவசரமாக ஸ்டிக்கர்கள் அடித்துக் கொடுத்தார். மலைக்குச் சேதி போனதும் சின்னப்பொண்ணு ஜீப்பில் மூட்டைகளை அனுப்பிவைத்தார். ஆலையில் உட்கார்ந்து, புதுச் சாமையை அடைத்த பாக்கெட்டுகளில் வள்ளியக்காவின் முகத்தின் மேல் தேன்மொழியின் முகத்தை ஒட்டினோம். 'நானே விளைவித்தது' என்ற வரியை மறைத்து மலையூரின் பெயர். நான் ஒட்டியதில் பாதி கோணல். என் காரியம் முடிந்துவிட்டது; அவருடையது முடியவில்லை. நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் வாரச் சந்தை.

சந்தையில் தேன்மொழியே உட்கார்ந்தார். வள்ளியக்காவின் குரல் ஒலிக்கும் கைப்பேசி இல்லை. நான் பக்கத்தில் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின் மேல். இரண்டு பக்கமும் தக்காளி, எதிரே கருவாடு. காலை வெயில் சுகமாக இருந்தது. முதலில் வந்த சிலர் படத்தைக் கவனிக்கவே இல்லை. கேட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்தார். வாராவாரம் ஐந்தாறு பாக்கெட் வாங்குகிறவர் என்று அவரே சொன்னார். பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார், தேன்மொழியைப் பார்த்தார்.

"இன்னாம்மா, படம் மாறிப்போச்சி?"

"அது போன்ல வரஞ்ச படங்கண்ணா. நெஜத்துல அப்பிடி யாரும் இல்ல. விக்கிறது நான், அதான் என் படம்."

"நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதாங்கண்ணா."

"இங்க எங்க?"

"காலனி" என்றார் தேன்மொழி.

குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. பக்கத்துத் தக்காளிக் கடையில் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டிக்காரர் கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. "அப்பறமா வரேம்மா" என்று பாக்கெட்டை அடுக்கின் மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். நான் எழுந்துவிட்டேன். தேன்மொழி என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வுடுங்கக்கா. கேட்டாரு, சொன்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. எனக்குக் கருவாட்டு வாசனை கூடப் பிடிக்காமல் போயிற்று. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, எல்லாவற்றையும் கேட்டவர், நிதானமாகக் காசு கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார். கழுத்தில் நகை, கையில் பெரிய கட்டைப்பை. பாக்கெட்டைத் தூக்கி வெயிலுக்குக் காட்டிக் குலுக்கிப் பார்த்தார்.

"போன தடவ கல்லு. என் மருமவன் பல்லுல பட்டு, அவரு சோத்த வச்சிட்டு எழுந்துட்டாரு" என்றார்.

"இது வேறங்கக்கா. மலையில நல்லதா குடுத்துக்கிறாங்க. கல்லு இருந்தா மாத்திக் குடுக்குறேன்."

"சந்தைக்கு சந்த வந்து உன்னத் தேடிக்கினு இருக்க என்னால ஆவாது. கல்லு இருந்திச்சி, நேரா உன் வூட்டுக்கே வந்து சண்ட போடுவேன்."

தேன்மொழி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாங்கக்கா. காலனியில தண்ணித் தொட்டிக்கு எதிர் வூடு. பச்சக் கதவு."

"வருவேன். வர மாட்டேன்னு நெனச்சிக்காத" என்று சொல்லி, இரண்டு பாக்கெட்டுகளைக் கட்டைப்பையில் தக்காளிக்கு மேல் வைத்துக்கொண்டு அந்த அம்மா கருவாட்டுக் கடைப் பக்கம் நடந்தார்.

தேன்மொழி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்குறவங்க ஒருத்தரையும் வூட்டுக்கு வாங்கன்னு நான் இதுவரைக்கும் சொன்னதே இல்லக்கா" என்றார்.